நூறு கஜம்: பள்ளிக்கூட வாசலும் பஸ் ஸ்டாப்பும்

பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் பீடி, சிகரெட், புகையிலை விற்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருப்பது பலருக்கும் தெரியும். பள்ளி மதில் சுவரில் போர்டு எழுதி வைத்திருப்பார்கள். நாமும் படித்துவிட்டுக் கடந்து போயிருப்போம். ஆனால் ஏன் நூறு? ஏன் கஜம்? அதை எங்கிருந்து அளப்பது? வாசலில் இருந்தா, மதிலில் இருந்தா? இன்னொரு கேள்வியும் உண்டு. பள்ளிக்குள் இருக்கும் பிள்ளைக்கு நூறு கஜம் காவல் என்றால், பள்ளி வேனுக்காகக் காலையில் அரை மணி நேரம் ரோட்டோரம் நிற்கிற பிள்ளைக்கு எத்தனை கஜம்?

எங்கள் தொட்டியம் பக்கம் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. திருச்சி–நாமக்கல் சாலையிலும் அதிலிருந்து வாழைத்தோப்புகளுக்குள் பிரியும் கிளைச் சாலைகளிலும், பிள்ளைகள் ஏறும் இடம் பெரும்பாலும் ஒரு பெட்டிக்கடை வாசல்தான். நிழல் அங்கேதான் இருக்கும். தேன்மிட்டாய் டப்பாவுக்கு மேலே ஹான்ஸ், கூல் லிப் பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும் கடைகளையும் பார்த்திருக்கிறேன். இதற்கு ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தேன். தேடல் அமெரிக்கா வரை போய்விட்டுத் திரும்பி வந்தது.

ஆயிரம் அடி

பஸ் ஸ்டாப்பைச் சுற்றி போதைப்பொருள் தடை வட்டம் போடும் சட்டம் அமெரிக்காவில் நிஜமாகவே இருக்கிறது. அதற்கு முன்கதை ஒன்று உண்டு.

1970ல் அமெரிக்க மத்திய அரசு கொண்டுவந்த போதைப்பொருள் சட்டத்தில், 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்றால் தண்டனை இரட்டிப்பு என்று ஒரு பிரிவு இருந்தது. அது வாங்குகிற ஆளைப் பார்க்கும் சட்டம். 1984ல் புளோரிடா செனட்டர் பவுலா ஹாக்கின்ஸ் முயற்சியால் இன்னொரு பிரிவு சேர்ந்தது. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் விற்றால், வாங்கியவர் யாராக இருந்தாலும் தண்டனை இரட்டிப்பு. ஆளைப் பார்த்த சட்டம் இடத்தைப் பார்க்கத் தொடங்கியது அங்கேதான்.

அப்புறம் நடந்தது, எங்கள் துறையில் சொல்வதானால், ஸ்கோப் க்ரீப். சின்னதாக ஆரம்பித்த தேவை, கேட்டவரெல்லாம் ஒன்று சேர்க்க, வீங்கிக்கொண்டே போவது. 1986லும் அதற்குப் பிறகும் கல்லூரிகள், விளையாட்டுத் திடல்கள், அரசுக் குடியிருப்புகள் எல்லாம் பட்டியலில் ஏறின. இளைஞர் மையம், பொது நீச்சல் குளம், வீடியோ கேம் கூடம் ஆகியவற்றுக்கு மட்டும் 100 அடி. மாநிலங்கள் தங்கள் பங்குக்குத் தனித்தனிச் சட்டம் போட்டன. அலபாமா மாநிலம் 3 மைல் என்று வைத்தது. மலைக்கோட்டை உச்சியை மையமாக வைத்து 3 மைல் வட்டம் போட்டால் திருவானைக்காவல், ஸ்ரீரங்கம் கோயில், மத்தியப் பேருந்து நிலையம் மூன்றும் உள்ளே வந்துவிடும். அத்தனையும் ஒரே ஒரு பள்ளிக்கூடத்தின் கணக்கில்!

வாஷிங்டன் மாநிலம்தான் பஸ் ஸ்டாப்பை எடுத்துக்கொண்டது. பள்ளிப் பேருந்து நிற்குமிடம் என்று பள்ளி நிர்வாகம் குறித்த இடத்திலிருந்து 1,000 அடிக்குள் போதைப்பொருள் விற்றால் வழக்கமான தண்டனைக்கு மேல் 24 மாதம் கூடுதல். ஆர்கன்சாஸ் மாநிலச் சட்டத்திலும் பள்ளி பஸ் நிறுத்தம் உண்டு.

உடனே ஒரு சந்தேகம் வரும். பள்ளிக்கூடம் என்றால் கட்டடம் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். பள்ளி பஸ் நிற்கும் இடம் பல தெருக்களில் வெறும் நடைபாதை ஓரம்தான். அது வட்டம் என்று தெரியாமல் ஒருவன் உள்ளே நின்றிருந்தால்? இந்தக் கேள்வி வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. 1992ல் வந்த தீர்ப்பின் சாரம் இது: தெரியாது என்பது சாக்கு ஆகாது; தெரிந்துகொள்ள நினைத்தால் காலையில் பிள்ளைகள் எங்கே கூடுகிறார்கள் என்று பார்க்கலாம், இல்லாவிட்டால் பள்ளி நிர்வாகத்திடமே கேட்கலாம். கஞ்சா வியாபாரி பள்ளி அலுவலகத்துக்குப் போன் போட்டு உங்கள் வண்டி எங்கெங்கே நிற்கும் சார் என்று கேட்பதை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் தர்க்கம் அதுதான்.

வட்டத்தின் கணக்கு

இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். 1,000 அடி என்பது 304.8 மீட்டர். ஒரு புள்ளியைச் சுற்றி அந்த ஆரத்தில் வட்டம் போட்டால் பரப்பு சுமார் 72 ஏக்கர். நம்முடைய நூறு கஜம் 91.44 மீட்டர். வட்டத்தின் பரப்பு சுமார் ஆறரை ஏக்கர். ஆரம் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் மேல்; பரப்போ பதினோரு மடங்கு. ஆரத்தை எழுதும்போது கைக்கு லேசாக இருக்கும். பரப்பு வர்க்கத்தில் ஏறுவது அப்போது கண்ணில் படாது.

பஸ் ஸ்டாப் என்றால் இது இன்னும் வேகமாக ஏறும். ஒரு நேர் சாலையில் அரை கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி 1,000 அடி ஆரம் என்றால் வட்டத்தின் குறுக்களவு சுமார் 610 மீட்டர். ஒரு வட்டம் முடிவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். சாலை முழுவதும், இடைவெளியே இல்லாமல், தடைப் பகுதி. அதே சாலையில் நூறு கஜம் என்றால் 500 மீட்டரில் 183 மீட்டர் மட்டும்தான் வட்டத்துக்குள் வரும்.

வட்டம் மேல் வட்டம் விழுந்து ஊரே உள்ளே வந்துவிட்டால் என்ன தவறு, நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. இந்தச் சட்டத்தின் யோசனையே, விற்பவனைப் பிள்ளைகளிடமிருந்து தள்ளிப் போகவைப்பது. தள்ளிப் போக ஒரு 'அந்தப் பக்கம்' இருந்தால்தானே போவான்? எங்கே நின்றாலும் ஒரே கூடுதல் தண்டனை என்றால் பள்ளி வாசலில் நிற்பதற்கும் ஊர்க்கோடியில் நிற்பதற்கும் வித்தியாசம் இல்லாமல் போகிறது. எல்லா வரியையும் சிவப்பில் எழுதிய எச்சரிக்கைப் பலகை மாதிரி.

காக்கை பறக்கும் தூரமா, கால் நடக்கும் தூரமா?

அளப்பது எப்படி என்பது அடுத்த சிக்கல். நியூயார்க் மான்ஹாட்டனில் எட்டாம் அவென்யூவும் 40ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒருவர் மாறுவேடப் போலீஸிடம் போதைப்பொருள் விற்றுப் பிடிபட்டார். பள்ளி இருந்தது 43ஆம் தெருவில். அவர் தரப்பு வாதம் இதுதான்: நடுவில் கட்டடங்கள் இருக்கின்றன, நடந்து போனால் ஆயிரம் அடிக்கு மேல் வருகிறது, ஆகவே நான் வட்டத்துக்கு வெளியே.

அவென்யூவில் 764 அடி. திரும்பித் தெருவில் 490 அடி. கூட்டினால் 1,254. ஆனால் நேர்கோட்டில்? செங்கோண முக்கோணத்தின் கர்ணம். எட்டாம் வகுப்பில் படித்த பிதாகரஸ் தேற்றம். கணக்கிட்டால் 907 அடி சொச்சம். 2005ல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம், தலைமை நீதிபதி ஜூடித் கே எழுதிய தீர்ப்பில், காக்கை பறக்கும் தூரம்தான் கணக்கு என்று சொல்லிவிட்டது. பிதாகரஸ் ஒருவரைச் சிறைக்கு அனுப்பிய வழக்கு என்று நண்பர்களிடம் சொல்லிக் கொண்டிருப்பேன்.

நம் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான கதை. 2017ல் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு அமலுக்கு வந்தபோது, கேரளத்தில் வடக்கு பறவூரில் ஒரு பார் உரிமையாளர் கடையை நகர்த்தவே இல்லை. கடைக்கு முன்னால் இருந்த காலி இடத்தில் வளைந்து வளைந்து போகும் நடைபாதை ஒன்றைக் கட்டிவிட்டார். கோயில் திருவிழா வரிசையில் கம்பு கட்டி வைப்பார்களே, அப்படி. கலால் துறையும் நாங்கள் நடக்கிற தூரத்தைத்தான் அளப்போம், வான்வழித் தூரத்தை இல்லை என்றது. கடை நின்ற இடத்திலேயே நின்றது. தூரம் மட்டும் கூடிவிட்டது.

புகையிலைச் சட்டத்தில் இந்த ஓட்டை இல்லை. 2004ல் வந்த விதி, நூறு கஜத்தைக் கல்வி நிலையத்தின் மதில் அல்லது வேலியின் வெளி விளிம்பிலிருந்து ஆரமாக அளக்க வேண்டும் என்கிறது. அதாவது காக்கைக் கணக்கு, அதுவும் வாசலிலிருந்து இல்லை, மதிலிலிருந்து. 100 மீட்டருக்கு 100 மீட்டர் சதுர வளாகம் உள்ள ஒரு பள்ளி என்றால் வளாகத்தையும் சேர்த்து சுமார் 18 ஏக்கர் இந்த எல்லைக்குள் வரும். கேட்டிலிருந்து டேப் பிடித்து அளப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வட்டத்துக்குள் மாட்டியவர்கள் யார்?

சரி, அமெரிக்க வட்டங்கள் பிள்ளைகளைக் காத்தனவா?

மாசசூசெட்ஸில் 1989 சட்டப்படி 1,000 அடிக்குள் விற்றால் குறைந்தது 2 ஆண்டு சிறை கட்டாயம். அங்கே அரசு வழக்கறிஞராக இருந்து பிறகு மாநில செனட்டரான வில்லியம் பிரவுன்ஸ்பெர்கர், மூன்று நகரங்களில் 443 போதைப்பொருள் வழக்குகளை எடுத்து ஒவ்வொன்றும் எங்கே நடந்தது என்று வரைபடத்தில் வைத்துப் பார்த்தார். 2001ல் வெளியான அந்த ஆய்வின்படி சுமார் 80 விழுக்காடு வழக்குகள் பள்ளி வட்டத்துக்குள்தான் வந்தன. அப்படியென்றால் பள்ளியைக் குறிவைத்து விற்றார்களா? இல்லை. சிறுவர்களுக்கு விற்ற வழக்குகள் ஒரு விழுக்காடுகூட இல்லை. நகரத்தின் நெரிசலான ஏழைப் பகுதிகளில் எங்கே நின்றாலும் வட்டம்தான். அதனால் மாட்டினார்கள்.

நியூ ஜெர்சியில் 1987ல் சட்டம் வந்தது. அங்கே மாநில அரசே அமைத்த தண்டனைச் சீராய்வு ஆணையம் 2005ல் அறிக்கை கொடுத்தது. நெவார்க் நகரத்தின் முக்கால்வாசி நிலப்பரப்பு ஏதாவது ஒரு வட்டத்துக்குள் இருந்தது. இந்தப் பிரிவில் சிறை சென்றவர்களில் 96 விழுக்காடு கறுப்பினத்தவர் அல்லது ஹிஸ்பானிக் மக்கள். ஒரே குற்றத்தைத் தோட்டம் துரவு உள்ள புறநகரில் செய்தவனுக்கு வட்டம் இல்லை; அடுக்குமாடி நெரிசலில் செய்தவனுக்கு வட்டம் உண்டு. சட்டத்தில் இனம் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. ஊரின் வரைபடம் அந்த வேலையைச் செய்துவிட்டது. 2010 ஜனவரியில் நியூ ஜெர்சி, கட்டாயச் சிறையைக் குறைக்கும் அதிகாரத்தை நீதிபதிகளுக்குக் கொடுத்தது. 2012ல் மாசசூசெட்ஸ் 1,000 அடியை 300 அடியாகக் குறைத்தது. நள்ளிரவு முதல் அதிகாலை 5 மணி வரை வட்டம் செல்லாது என்றும் சொன்னது.

300 அடி என்றால் எவ்வளவு? சரியாக நூறு கஜம்! அவர்கள் 23 ஆண்டு சுற்றி வந்து சேர்ந்த எண்ணில் நாம் 2003லேயே உட்கார்ந்திருந்தோம். ஆனால் நாம் கெட்டிக்காரர்கள் என்று மார்தட்டுவதற்கு முன்னால் நம் சட்டங்களைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

வியன்னாவிலிருந்து 32பி வரை

1988ல் வியன்னாவில் போதைப்பொருள் கடத்தலுக்கு எதிராக ஐ.நா. ஒப்பந்தம் ஒன்று உருவானது. அதில் எந்தக் குற்றங்களைக் கூடுதல் கடுமையாகப் பார்க்க வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. கல்வி நிலையத்திலோ, அதன் மிக அருகிலோ, மாணவர்கள் கல்வி, விளையாட்டு, சமூக நடவடிக்கைகளுக்காகக் கூடும் வேறு இடங்களிலோ நடந்த குற்றம் அதில் ஒன்று. இந்தியா 1990ல் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2001ல் நம்முடைய 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, கிட்டத்தட்ட அதே வாசகங்கள் 32பி என்ற புதிய பிரிவில் வந்து உட்கார்ந்தன.

இதில் அடி, கஜம் எதுவும் கிடையாது. 'மிக அருகில்' என்பது எவ்வளவு என்று நீதிபதிதான் சொல்ல வேண்டும். தானாகத் தண்டனை இரட்டிப்பாவதும் இல்லை. கருத்தில் கொள்ளலாம் என்றுதான் இருக்கிறது. அமெரிக்காவில் பட்ட சூட்டைப் பார்க்கும்போது இது நிதானமான ஏற்பாடு. பிள்ளைகள் கூடும் வேறு இடம் என்பதில் பள்ளி பஸ் ஸ்டாப்பையும் சேர்க்கலாம் என்று ஒரு வழக்கறிஞர் வாதிடவும் இடம் இருக்கிறது.

ஆனால் முதல் வரியைக் கவனமாகப் படித்தால் ஓர் இடறல். 32பி பேசுவது, சட்டம் குறைந்தபட்சத் தண்டனை விதித்திருக்கும் குற்றங்களைப் பற்றி மட்டும். அந்தக் குறைந்தபட்சத்துக்கு மேலே போவதற்கான காரணங்களில் ஒன்றாகத்தான் பள்ளி அருகாமை வருகிறது. கஞ்சாவை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. தண்டனை ஓராண்டு வரை. 20 கிலோவுக்கு மேல் போனால் 'வணிக அளவு'. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20. இரண்டுக்கும் நடுவில் 10 ஆண்டு வரை. குறைந்தபட்சம் என்ற ஒன்று வணிக அளவுக்கு மட்டும்தான் இருக்கிறது. பள்ளி வாசலில் யாராவது 20 கிலோ மூட்டையோடு நிற்பானா? நிற்பவன் கையில் இருப்பது பொட்டலம். எந்த வியாபாரத்தை மனதில் வைத்து அந்த வாசகம் எழுதப்பட்டதோ, அந்த வியாபாரத்துக்கு அது நேரடியாகப் பொருந்துவதே இல்லை. சிறிய அளவு வழக்கிலும் நீதிபதி தன் பொதுவான அதிகாரத்தில் பள்ளி அருகாமையைக் கணக்கில் எடுக்கலாம், அது வேறு. ஆனால் 32பி அவரை அங்கே அழைத்துச் செல்வதில்லை.

தமிழ்நாடு காவல்துறை 2021 டிசம்பரில் ஆபரேஷன் கஞ்சா வேட்டை தொடங்கியபோது பள்ளி, கல்லூரிப் பக்க விற்பனையைத்தான் முதன்மையாகச் சொன்னது. போலீஸின் கவனம் இருக்கும் இடத்தில் சட்டத்தின் கவனம் இல்லை.

2003இல் விழுந்த இரண்டு கோடுகள்

கஞ்சாவுக்கு எண் இல்லை. புகையிலைக்கும் மதுவுக்கும் எண் உண்டு. இரண்டும் ஒரே ஆண்டில் வந்தவை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

முதலாவது, சிகரெட் மற்றும் புகையிலைப் பொருட்கள் சட்டம், 2003. ஆறாவது பிரிவில் இரண்டு தடைகள்: 18 வயதுக்குக் கீழ் யாருக்கும் விற்கக் கூடாது, கல்வி நிலையத்தைச் சுற்றி நூறு கஜத்துக்குள் யாருக்கும் விற்கக் கூடாது. மெட்ரிக் முறைக்கு 1956லேயே சட்டம் போட்ட நாடு, 2003ல் கஜத்தில் எழுதியது ஒரு வேடிக்கை. மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. அன்று அது ஓரளவு உறைத்திருக்கலாம். இன்று அது பெரிய தொகை இல்லை.

இரண்டாவது, அதே 2003 நவம்பரில் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தபோது வந்த மது சில்லறை விற்பனை விதிகள். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கல்வி நிலையம், வழிபாட்டுத் தலத்திலிருந்து 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். வணிகப் பகுதி, தொழில் பகுதி என்று நகர ஊரமைப்புத் துறை குறித்த இடங்களில் இந்த இடைவெளியும் பொருந்தாது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்ரீரங்கம் திருச்சி மாநகராட்சிக்குள் இருக்கிறது. அங்கே ஒரு பள்ளியிலிருந்து 60 மீட்டரில் பெட்டிக்கடையில் ஒரு பீடி விற்றால் குற்றம். அதே 60 மீட்டரில் பிராந்திக் கடை இருந்தால் தூர விதிப்படி குற்றமில்லை. தொட்டியம் பேரூராட்சி என்பதால் இங்கே 100 மீட்டர். பீடியைவிட பிராந்தி எட்டு மீட்டர் சொச்சம் தள்ளி நிற்க வேண்டும். நகரத்துப் பிள்ளைக்கும் பேரூராட்சிப் பிள்ளைக்கும் ஏன் வேறு வேறு தூரம்? நகரத்தில் இடம் கிடைக்காது என்பதுதான் ஒரே காரணமாக இருக்க முடியும். தூரத்தை முடிவு செய்தது பிள்ளை இல்லை, கடைக்கு வேண்டிய இடம்.

திருச்சி மாவட்டத்துக்காரன் இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு காலத்தில் எங்கள் ஊர்ப் பெயரே உலகத்துக்குப் புகையிலை வழியாகத்தான் தெரியும். உறையூரில் சுற்றிய திருச்சினாப்பள்ளி சுருட்டு லண்டன் வரை போனது. ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலிலேயே குற்றவாளி திருச்சினாப்பள்ளி சுருட்டுப் பிடிப்பவன் என்று சாம்பலை வைத்துக் கண்டுபிடிப்பார். புகையிலை இங்கே பல குடும்பங்களின் சோறாக இருந்த பொருள். பெட்டிக்கடை ஆயாவை வில்லியாக்கி எழுதுவது சுலபம், நியாயம் இல்லை.

கடை நகர்ந்து ஊருக்குள் வந்த கதை

கோடு போட்டால் வியாபாரம் எங்கே போகும் என்பதற்குத் தமிழ்நாடே ஒரு பெரிய சோதனை நடத்திப் பார்த்திருக்கிறது. வழக்கறிஞர் கே. பாலு தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. 2017 மார்ச் 31ல் ஒரு திருத்தம்: 20,000 பேர் அல்லது அதற்குக் குறைவான மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிகளில் 220 மீட்டர் போதும். நோக்கம் குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுப்பது. நல்ல நோக்கம்.

ஏப்ரல் 1 முதல் தமிழ்நாட்டில் சுமார் 3,300 டாஸ்மாக் கடைகள் மூடின. கடைகள் மூடின என்றால் வியாபாரம் மூடியது என்று அர்த்தமில்லை. மெயின் ரோட்டிலிருந்த கடைக்கு உள்ளே இடம் தேடினார்கள். குடியிருப்புகளுக்கும் வயல் ஓரங்களுக்கும் கடை வந்தது. 2017 ஏப்ரல், மே மாதங்களில் மாநிலம் முழுக்கப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண் ஒருவரைப் போலீஸ் அதிகாரி அறைந்த வீடியோவை நாடே பார்த்தது. நெடுஞ்சாலை ஓட்டுநருக்காகப் போட்ட கோடு, கடையைப் பிள்ளைகள் நடக்கும் தெருவுக்குத் தள்ளிவிட்டது. பிறகு 2017லேயே நகராட்சி எல்லைகளுக்கும், 2018 பிப்ரவரியில் நகரத்தன்மை உள்ள ஊராட்சிகளுக்கும் நீதிமன்றம் விலக்குக் கொடுத்தது. வட்டம் விற்பனையை அழிப்பதில்லை, நகர்த்துகிறது. எங்கே நகர்த்தும் என்று யோசிக்காமல் போடுகிற வட்டம், ஒரு தெருவின் பிரச்சினையை அடுத்த தெருவுக்கு அனுப்பி வைக்கிற ஏற்பாடு.

அப்படியானால் பஸ் ஸ்டாப்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். தொட்டியம் பக்கத்தில் ஒரு பள்ளி வேன் நிறுத்தம். பெட்டிக்கடை. பத்துப் பிள்ளைகள். சட்டம் என்ன சொல்கிறது?

புகையிலை விதியில் 'கல்வி நிலையம்' என்பதற்கு விளக்கம் இருக்கிறது: முறையாகக் கல்வி கற்பிக்கப்படும் இடம், அங்கீகாரம் பெற்ற பள்ளி, கல்லூரி, உயர்கல்வி நிறுவனம் இதில் அடங்கும். பஸ் ஸ்டாப் அதில் வராது. ஆனால் அந்த இடத்தில் புகைப்பது குற்றம்! பொது இடங்களில் புகைத்தலைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டு விதிகள் பஸ் நிறுத்தத்தைப் பெயர் சொல்லியே உள்ளே கொண்டுவந்தன. ஆக, நிறுத்தத்தில் நின்று சிகரெட் பற்றவைக்கக் கூடாது, அதே நிறுத்தத்தில் அதை விற்கலாம். பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாட்டில் 2012ல் தனி விதிகள் வந்தன, தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் தரை ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகு. அவற்றின் கவலை வண்டியைப் பற்றியது. அது நியாயம்தான்.

ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு இருக்கிறது. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77. ஒரு குழந்தைக்கு மதுவோ, போதைப்பொருளோ, புகையிலைப் பொருளோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இதற்குப் பள்ளியும் வேண்டாம், கஜமும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். பஸ் ஸ்டாப்பிலும் செல்லும், தோப்புக்குள்ளும் செல்லும். அதே கூல் லிப் பாக்கெட்டை இடத்தின் கண்ணால் பார்த்தால் 200 ரூபாய். பிள்ளையின் கண்ணால் பார்த்தால் 7 ஆண்டு. 2024ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மாணவர்களிடம் கூல் லிப் பரவுவதைக் கண்டு மத்திய மாநில அரசுகளையும் தயாரிப்பாளர்களையும் கேள்வி கேட்டபோது, பலருக்கு அந்தப் பெயரே அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகளுக்கு அதற்கு ரொம்ப முன்னாலேயே தெரியும்.

இதையெல்லாம் படித்த பிறகு, பஸ் ஸ்டாப்பைச் சுற்றியும் ஒரு வட்டம் போடு என்று கேட்கும் ஆசை எனக்குப் போய்விட்டது. வேன் நிறுத்தம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எங்கள் சாலையில் வட்டம் போட்டால் வாஷிங்டன் மாதிரி ஊர் முழுவதும் மூடிக்கொள்ளும். மாட்டுவது மொத்த வியாபாரி இல்லை, கடைசியில் நிற்கும் பெட்டிக்கடைதான்.

அதைவிட எளிமையான யோசனை ஒன்று அரசாங்கக் கோப்பிலேயே இருக்கிறது. 2017 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம்: புகையிலை விற்க உள்ளாட்சி மூலம் தனி உரிமம் கொடுங்கள், அந்த உரிமம் வாங்கும் கடையில் மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட், குளிர்பானம் விற்கக் கூடாது என்று நிபந்தனை வையுங்கள். இதில் தூரமே இல்லை. பிள்ளை எந்தக் கடைக்குப் போகிறதோ அந்தக் கடையில் புகையிலை இருக்காது, அவ்வளவுதான். பள்ளி வாசலா, பஸ் ஸ்டாப்பா, கோயில் திருவிழாவா என்ற கேள்வியே எழாது. கடைக்காரருக்கும் பிழைப்புப் போகாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

அது வெறும் அறிவுரைக் கடிதம். சட்டம் இல்லை. ஆனால் கிராம சபையிலோ பேரூராட்சிக் கூட்டத்திலோ இதைத் தீர்மானமாகக் கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. காலை எட்டு மணிக்கு உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எந்தக் கடை வாசலில் நிற்கிறார்கள் என்று தெரிந்திருந்தால் போதும்.